நாத்தனாரின் மூக்கு

“நாய் வாடை இல்லம்மா, நாய் மூத்திர வாடை. ரெண்டும் வேற வேற” என்றார் டீச்சரம்மா.

மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்தார். அதற்குக் கீழே இறங்கவில்லை. சால்வையின் ஒரு நுனி மூக்கின் மேல் இருந்தது. காலடியில் அவருடைய சாம்பல் நிறக் கடுவன் பூனை உட்கார்ந்து முன்னங்காலைச் சாவகாசமாக நக்கிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை. மழை பிடித்து நாலு நாள் ஆகியிருந்தது.

கீழ் வீட்டில் குடியிருப்பவள் துடைப்பத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். பெரிய ஹோட்டல் ஒன்றில் பன்னிரண்டு வருடமாகக் கார்பெட் கழுவுகிறவள். அங்கே சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் கார்பெட்டக்கா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

“ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வந்து உங்க கூடத்துல நிப்பேன். வாடை இல்லன்னா பேசாம திரும்பிப் போயிடறேன். இருந்தா நாயைக் காப்பகத்து வண்டியில ஏத்திடணும். வண்டிக்கு நானே சொல்லி வச்சுட்டேன்.”

“அதுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு டீச்சரம்மா. மருந்து குடுத்தாச்சு, இப்ப நல்லாயிடுச்சு.”

“நாய்க்கு நல்லாயிடுச்சு. என் கார்பெட்டுக்கு நல்லாகலயே.”

வீடும் அவருடையது, கார்பெட்டும் அவருடையதுதான். கீழ் வீடு முன்பு ஏதோ அலுவலகமாக இருந்ததாம். அந்த நாளில் கூடம் முழுக்கச் சுவரோடு சுவராக அடித்துப் பதித்த பழுப்புக் கார்பெட். எடுத்து வெளியே போட்டு அலசவும் முடியாது, உதறவும் முடியாது.

டீச்சரம்மா மாடியேறினார். பூனை அவருக்கு முன்னால் ஏறியது.

நாயின் பெயர் டயர். ஒன்பது வருடத்துக்கு முன் பேருந்து நிறுத்தத்தில், யாரோ போட்டுவிட்டுப் போன லாரி டயருக்குள் மழைத் தண்ணீரில் பாதி மூழ்கிக் கிடந்த குட்டி. ஏப்ரனில் சுருட்டி எடுத்து வந்தாள். பொட்டைக் குட்டிக்கு இது என்ன பெயர் என்று கேட்காதவர் இல்லை. அதற்கு அது பொருந்திப் போயிற்று.

அவளுடைய ஷிப்ட் விடியற்காலை ஐந்து மணிக்கு. வீட்டிலிருந்து நாலரைக்குக் கிளம்பி இரண்டு சந்து தாண்டி நிறுத்தத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது சந்தில் மரக்கடைச் சுவர் நீளத்துக்கு விளக்கே கிடையாது. டயர் வருவதற்கு முன்னால் கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டுதான் அந்தச் சந்தைக் கடப்பாள். ஒருமுறை அந்தக் கல்லுக்கு வேலையும் வந்தது. குட்டி வளர்ந்து கூட நடக்கத் தொடங்கிய அன்றைக்குக் கல்லைத் தூக்கிப் போட்டாள். அவள் பேருந்தில் ஏறுகிறவரை நின்றுவிட்டு, அது தனியாக வீடு திரும்பும். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. போன மாதம் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல், கூடத்திலேயே ஒண்ணுக்குப் போய்க்கொண்டு கிடந்த அந்தப் பத்து நாள் தவிர.

புதன்கிழமை சூப்பர்வைசர் மீசைக்காரரிடம் கெஞ்சி, ஹோட்டலின் ஆவி மெஷினை அரை நாளுக்கு வாங்கிக்கொண்டு வந்தாள். புருஷன் ஒரு பக்கம் பிடிக்க, அவள் ஒரு பக்கம் பிடிக்க, கூடத்துக்குள் இறக்கினார்கள். புருஷன் தையல்காரர். கூடத்து ஜன்னலோரம் அவருடைய தையல் மெஷின். காலையிலிருந்து மாலைவரை அங்கேதான் உட்கார்ந்திருப்பார். வாய் திறப்பது குறைவு, திறந்தால் அதில் ஊசி இருக்கும்.

“ஹோட்டல்ல ஒயின் கொட்டியிருக்கு, ரத்தம் கொட்டியிருக்கு, ஒரு விருந்துல மூணடுக்கு கேக்கு கவுந்திருக்கு. எதையாவது விட்டிருக்கனா? இந்தச் சுண்டைக்காய்க் கறைய விட்டுருவனா?” என்றாள் அவள்.

“நீ விடமாட்டே. கறைதான் பாவம்” என்றார் அவர்.

கொதிக்கும் ஆவியை விட்டாள். ஷாம்பு விட்டாள். பிரஷ் சுழன்றது, அழுக்கு நுரை தள்ளியது, உறிஞ்சு குழாய் அதை இழுத்தது. கடைசியில் எலுமிச்சை வாசனைத் தண்ணீரைத் தெளித்தாள். கறை இருந்த இடம் தெரியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஞாயிறு எதற்கு, டீச்சரம்மாவை இப்போதே கூப்பிட்டுக் காட்டலாமா என்றிருந்தது.

ஆறரை மணிக்கு நாத்தனார் வேலை முடிந்து வந்தாள். தையல்காரரின் தங்கை. துணிக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள். கட்டின இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகிறது. படுக்கை கூடத்தில், அதே கார்பெட்டின் மேல். அவளுடைய மூக்கு அந்தத் தெருவிலேயே பிரசித்தம். அடுப்பில் பால் அடிப்பிடிக்கப் போவதை வாசலில் நின்றே சொல்லுவாள். எதிர்வீட்டில் ஒருமுறை காஸ் கசிந்ததை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன?” என்றாள் கார்பெட்டக்கா.

“எலுமிச்சைத் தோப்புக்குள்ள நாய் ஒண்ணுக்குப் போன மாதிரி இருக்கு அண்ணி.”

“உனக்கு எப்பவுமே நான் செய்யறதுல குத்தம். முதுகு ஒடிய மூணு மணி நேரம் தேய்ச்சிருக்கேன்.”

“குத்தம் சொல்லல. குப்புன்னு அடிக்குது. உங்களுக்கு அடிக்கலயா?”

“இல்லயே.”

“அண்ணா, உனக்கு?”

தையல்காரர் ஊசிக் காதுக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரிப் பார்த்தார். “கொஞ்சம்” என்றார்.

நாத்தனார் அண்ணியை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய் ஏதோ உருட்டினாள். திரும்பி வந்து, “கண்ண மூடுங்க அண்ணி” என்றாள்.

“எதுக்கு?”

“மூடுங்களேன்.”

மூக்குக்குக் கீழே ஏதோ குளிர்ச்சியாக வந்து நின்றது.

“இது என்ன?”

கார்பெட்டக்கா நன்றாக இழுத்துப் பார்த்தாள். “தண்ணி” என்றாள்.

கண்ணைத் திறந்தபோது நாத்தனார் கையில் வினிகர் பாட்டில் இருந்தது. அடுத்தது காப்பித்தூள். அதுவும் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் ஜன்னல் திறக்காத அறைகளில், முகமூடி இல்லாமல், அமிலமும் நுரையும் கலந்து கலந்து கழுவிய மூக்கு. எப்போது செத்தது என்று அவளுக்கே தெரியாது. கொஞ்ச நாளாகக் கடையில் வாங்கும் தேயிலை மட்டமாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கடையைக்கூட மாற்றியிருந்தாள்.

நாத்தனார் பாட்டிலை மூடி வைத்தாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. கார்பெட்டக்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலை, அவள் சீருடையை மாட்டிக்கொண்டிருக்கும்போது டயர் எழுந்து வந்தது. நேற்றுக் கழுவிய இடத்தை முகர்ந்தது. ஒரு சுற்று சுற்றி அங்கேயே உட்கார்ந்து ஒண்ணுக்குப் போனது. போய்விட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது.

“நீயுமா?” என்றாள் அவள். பழந்துணியை எடுத்து ஒற்றிவிட்டு, அதையும் கூட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

வேலை முடிந்ததும் நேரே நாய் டாக்டரிடம் போனாள். டாக்டர் சின்னப் பெண்தான். டயருக்கு மருந்து கொடுத்தவள்.

“ஆவி விட்டீங்களா? சுடச் சுடவா?”

“நல்லாக் கொதிக்க.”

“உங்க வீட்டுக்காரர் தையல்காரர்தானே? துணியில சாயம் நிக்கணும்னா எதுல முக்குவாங்க?”

“சுடுதண்ணில.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“அதைத்தான் பண்ணியிருக்கீங்க. வாடையப் பக்குவமா வேக வச்சு உள்ள இறக்கிட்டீங்க. மேல எலுமிச்சையும் பிழிஞ்சிருக்கீங்க” என்றாள் டாக்டர். சிரிக்காமல் சொன்னாள். “நாய்க்கு இப்ப நோய் இல்ல. ஆனா வாடைதான் அதுக்கு விலாசம். அங்க வாடை இருக்கிற வரைக்கும், அதான் கக்கூஸ்னு போய் உக்காரும். வாடை போனா அதுவும் மறந்துடும்.”

ஹோட்டலில் நாயைச் சேர்ப்பதில்லை. அதனால் பன்னிரண்டு வருடத்தில் இந்த ஒரு கறையை மட்டும் அவள் பார்த்ததே இல்லை. டாக்டர் இரண்டு பாட்டில் கொடுத்தாள். அதில் இருக்கும் மருந்து கறையைத் தின்றுவிடுமாம். ஆனால் சோப்புப் பட்டால் மருந்து செத்துப் போகும். முதலில் பச்சைத் தண்ணீர் விட்டு ஷாம்புவை முழுக்க எடுக்க வேண்டும். பிறகு ஊற்றி, ஒரு நாள் முழுக்கக் காயவிடாமல் மூடி வைக்க வேண்டும்.

“ஒரு நாள் முழுக்க ஈரமாவா?”

“ஒரு நாள் முழுக்க.”

அவளுக்குக் கை கூசியது. ஹோட்டலில் ஈரம் என்றால் திட்டு விழும். பன்னிரண்டு மணிக்கு ஒருவர் காலி செய்தால் இரண்டு மணிக்கு அடுத்தவர் காலடி வைப்பார். நனைத்த கையோடு உறிஞ்சியாக வேண்டும். அதுதான் அவள் கற்ற தொழில்.

சாயங்காலம் நாத்தனார் வரும்வரை வாசலிலேயே காத்திருந்தாள்.

“உன் மூக்கு வேணும்” என்றாள்.

“ரெண்டு வருஷமா அதை அறுக்கணும்னு சொல்லிட்டு இருந்தீங்களே?”

“அறுக்கல. வாடகைக்குக் குடு. ஞாயித்துக்கிழமை வரைக்கும்.”

நாத்தனார் கைப்பையைத் திறந்து விரல் நீளத்துக்கு ஒரு ஊதா விளக்கை எடுத்தாள். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் கல்லாவில் வைத்திருக்கும் விளக்கு. “மொதலாளிகிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். கடையில துணி வாங்க வந்த பொம்பளை ஒருத்தங்க சொன்னாங்க. நாய் போன இடம் இதுல மின்னுமாம்.”

“அப்போ நேத்தே உதவி பண்ணணும்னு நெனச்சிட்டியா?”

“அந்தக் கார்பெட்ல படுக்கறது நான்தான் அண்ணி. நீங்க இல்ல.”

திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். விளக்கைப் போட்டதும் கூடத்தின் நடுப்பகுதி முழுக்க நீலமாகப் பளபளத்தது. கார்பெட்டக்கா வாயில் கையை வைத்தாள்.

“இவ்வளவு இடமா போயிருக்கு?”

நாத்தனார் மண்டியிட்டு, மூக்கைக் கார்பெட்டில் ஒட்டி மோந்து பார்த்தாள். “இல்ல. இது உங்க ஷாம்பு. நீலமா இருக்கறதெல்லாம் சோப்பு. அதோ பாருங்க, மங்கலா, பச்சையும் மஞ்சளுமா, அதுதான் நம்ம ஆளு.”

விளக்கு ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். விளக்குக்குச் சந்தேகம் வந்தால் மூக்கு தீர்த்தது. தையல்காரர் தன் சாக்குக்கட்டியைக் கொடுத்தார். தங்கை காட்டக் காட்ட, கை அளவு எடுக்கிறவர் மாதிரி அவரே குனிந்து வட்டம் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு வட்டம் ஆயிற்று. அதற்கு மேல் இல்லை என்று நினைத்தபோது நாத்தனார் தவழ்ந்துகொண்டே ஜன்னலோரம் போனாள். தையல் மெஷின் மிதிக்கு அடியில் விளக்கைக் காட்டினாள். தாம்பாளம் அளவுக்கு ஒரு பச்சை.

“அண்ணா, ஒரு மாசமா இதுமேலயா காலை வச்சுட்டு உக்காந்திருந்தே?”

“செருப்புப் போட்டிருந்தேன்” என்றார் தையல்காரர். குனிந்து வட்டத்தைப் போட்டபடி, “காய்ச்சல்ல அது என் காலடியிலதான் கெடந்துச்சு. எழுப்ப மனசு வரல” என்றார்.

அது ஏழாவது வட்டம்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தாள். டயரைச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். பச்சைத் தண்ணீரை ஊற்றுவது, பழந்துணியை மடித்து வைப்பது, அதன் மேல் ஏறி நின்று முழு எடையும் கொடுப்பது, துணியை வாளியில் பிழிவது. தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நாருக்குள் போய்விடும். பிழிந்த தண்ணீரில் நுரை இல்லாமல் போகப் பதினோரு வாளி ஆயிற்று. ஒவ்வொரு வாளியையும் மழையில் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

ஏழாவது வட்டத்துக்கு அது போதாது என்று நாத்தனார் வேலைக்குப் போகும்போதே சொல்லிவிட்டாள். “அங்க மேல கம்மியா இருக்கு, கீழதான் இருக்கு.” மெஷினை நகர்த்தி, சுவரோரம் கார்பெட்டை அதைப் பிடித்திருந்த கொக்கிகளிலிருந்து விடுவித்துச் சுருட்டினார்கள். அடியில் இருந்த பஞ்சு விரிப்பு பழுப்பேறி ஈரமாகக் கிடந்தது. தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கார்பெட்டக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகச் செத்த மூக்கு உதவிக்கு வந்தது. குனிந்து நிதானமாக அந்தத் துண்டை வெட்டி எடுத்தாள், சிமெண்டுத் தரையை மூன்று தடவை துடைத்தாள். தையல்காரர் குளிர்கோட்டுக்குள் வைத்துத் தைக்கும் பஞ்சை அதே அளவுக்கு வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்துக் கொடுத்தார்.

“ஒட்டுப் போட்டது தெரியாது” என்றார்.

“கார்பெட்டுக்கு அடியில யாருங்க பாக்கப் போறா?”

“நான் பாத்தேனே.”

மதியம் மூன்று மணிக்கு ஏழு வட்டத்திலும் மருந்தை ஊற்றி, துணி மாட்டும் பிளாஸ்டிக் உறைகளால் மூடி, ஓரங்களில் இஸ்திரிப் பெட்டி, கத்திரி, அரிசி டப்பா என்று கிடைத்ததை வைத்தார்கள். அதற்கப்புறம் செய்ய எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய பாடு. நிமிடத்துக்கு ஒருமுறை வந்து உறையைத் தூக்கிப் பார்த்தாள்.

“முட்டையா வச்சிருக்கே? உக்காரு” என்றார் தையல்காரர்.

சனிக்கிழமை நாலு மணிக்கு உறைகளை எடுத்து ஒற்றினார்கள். நாத்தனார் அரை நாள் விடுப்பில் வந்திருந்தாள். முழங்காலில் நின்று, முடியை முடிந்துகொண்டு ஆரம்பித்தாள். முதல் வட்டம். “இல்ல.” இரண்டாவது. “இல்ல.” கார்பெட்டக்கா பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுத்தவள் மாதிரிக் கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே போனாள். ஆறாவதும் இல்லை.

ஏழாவதில் நாத்தனார் வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

“சொல்லும்மா.”

“இருக்கு அண்ணி. கொஞ்சூண்டு. ஆனா இருக்கு.”

“டீச்சரம்மாவுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியுதே.”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காக அந்த நிமிடத்தில் அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கட்டிக்கொள்ளாமல், மிச்சம் இருந்த பாட்டிலை எடுத்தாள். பாதியை ஏழாவது வட்டத்தில் ஊற்றி மூடினாள். மறுநாள் பத்து மணிக்குப் பதினெட்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஆறு மணி நேரம் குறைகிறது. அதற்கு எந்த மெஷினும் கிடையாது.

ஞாயிறும் மழைதான். ஈர நாளில் எந்தப் பழைய வாடையும் எழுந்து உட்காரும். சரியாகப் பத்து மணிக்கு டீச்சரம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். வாசலில் காப்பகத்து வண்டி வந்து நின்று ஒருமுறை ஹாரன் அடித்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் டயர் ஒருமுறை குரைத்தது.

டீச்சரம்மா கூடத்தின் நடுவில் வந்து நின்றார். சுற்றிலும் பார்த்தார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

“வருதே” என்றார்.

கார்பெட்டக்கா போய்ச் சமையலறைக் கதவுக்கு முன்னால் நின்றாள். தையல்காரர் மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க வருது டீச்சரம்மா?” என்று நாத்தனார் கேட்டாள்.

“இங்கதான். நல்லா வருது.”

நாத்தனார் முழங்காலில் இறங்கினாள். டீச்சரம்மா பார்க்கப் பார்க்க ஒவ்வொரு வட்டமாகப் போய் மூக்கை வைத்தாள். ஜன்னலோரம் வந்ததும் உறையை விலக்கி, ஈரத்தின் மேலேயே முகத்தை வைத்தாள். வெளியே வண்டிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான்.

அவள் தலையைத் தூக்கினாள். “இங்க ஈரத்துணி வாடை. வேற ஒண்ணும் இல்ல அண்ணி.”

“அப்ப நான் சொல்றது பொய்யா?” என்றார் டீச்சரம்மா.

“இல்ல டீச்சரம்மா. எனக்கும் வருது. நீங்க உள்ள வந்ததுக்கு அப்புறம்தான் வருது.”

தவழ்ந்தபடியே வந்தாள். டீச்சரம்மாவின் செருப்பை மோந்தாள், இல்லை என்று தலையாட்டினாள். எழுந்து நின்று, சால்வையின் நுனியை இரண்டு விரலால் மரியாதையாகப் பிடித்தாள்.

“இதுல யாரு படுப்பாங்க?”

“கடுவன்தான் சில நேரம்… ஏன்?”

நாத்தனார் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஊதா விளக்கைக் காட்டினாள். சால்வையின் ஓரத்தில், டீச்சரம்மா எப்போதும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அதே நுனியில், உள்ளங்கை அளவுக்குப் பச்சையும் மஞ்சளுமாக மின்னியது. தையல்காரர் முகத்தைத் துணிக்குவியலுக்குள் புதைத்துக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது.

டீச்சரம்மா வெகுநேரம் அந்த நுனியைப் பார்த்தார். முப்பது வருடம் பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடித்தவர்.

“மாடியில நான் தினமும் ரோஜாத் தைலம் தெளிக்கிறேனே” என்றார், சின்னக் குரலில்.

“நானும் எலுமிச்சை தெளிச்சேன் டீச்சரம்மா. கூடவே இருந்தா நம்ம மூக்குக்குத் தெரியாது” என்றாள் கார்பெட்டக்கா.

டீச்சரம்மா சால்வையைக் கழற்றிச் சுருட்டினார். வாசலுக்குப் போய், குடையில்லாமல் மழையில் நின்று வண்டிக்காரனிடம் ஏதோ சொன்னார். வண்டி பின்வாங்கித் திரும்பிப் போகும் சத்தம் சந்து முனைவரை கேட்டது. திரும்பி வந்தவர் நிலைப்படியில் நின்றார்.

“மாடியிலயும் கார்பெட் இருக்கு” என்றார்.

“அரைப் பாட்டில் மிச்சம் இருக்கு. வெந்நீர் மட்டும் ஊத்திடாதீங்க. நான் சாயங்காலம் வர்றேன்.”

“மூக்கும் வருமா?”

“மூக்கு வாடகைக்குத்தான் டீச்சரம்மா” என்றாள் நாத்தனார். அப்போது டீச்சரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலை டீ போட்டபோது நாத்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு, “தேயிலை நல்லாத்தான் இருக்கு அண்ணி. பழைய கடையிலேயே வாங்குங்க” என்றாள். நாளையிலிருந்து முகமூடி இல்லாமல் மெஷினைத் தொடமாட்டேன் என்று மீசைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்று கார்பெட்டக்கா தீர்மானித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடியற்காலை சமையலறைக் கதவைத் திறந்துவிட்டாள். மழை விட்டிருந்தது. டயர் கூடத்துக்குள் வந்தது. நாத்தனார் போர்வையை விலக்கித் தலையைத் தூக்கினாள். தையல்காரர் உள்ளறை வாசலில் வந்து நின்றார்.

டயர் முதல் வட்டத்தை முகர்ந்தது. சாக்குக்கட்டிக் கோடு மட்டும் இருந்தது. இரண்டாவதை முகர்ந்தது. ஒவ்வொன்றாகப் போய் ஜன்னலோரம் நின்று, மெஷின் மிதிக்கு அடியில் மூக்கை வைத்துத் தேடியது. ஒருமுறை சுற்றியது. அங்கே அதற்குத் தெரிந்த விலாசம் எதுவும் இல்லை. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பிறகு நேரே வாசல் கதவுக்குப் போய் முன்னங்காலால் பிறாண்டியது.

“பாஸ்” என்றாள் நாத்தனார், போர்வைக்குள் திரும்பிப் படுத்துக்கொண்டே.

கார்பெட்டக்கா கதவைத் திறந்தாள். டயர் படியிறங்கி, எதிர்ச் சாக்கடையோரம் உட்கார்ந்து தன் வேலையை முடித்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் மரக்கடைச் சந்துக்குள் நுழைந்தார்கள். விளக்கில்லாத அந்தச் சுவர் நீளத்துக்கும் அவள் வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தாள்.